அக்கா அனுப்பிய திருவிழாப் புத்தகம்

எனக்கு எதையும் உடனே நம்ப வராது. இது குணமா வியாதியா என்று எனக்கும் என் மனைவிக்கும் முப்பது வருடமாக வழக்கு நடக்கிறது. தபாற்காரர் சிரித்துக்கொண்டு வந்தால்கூட, கொண்டுவந்த கடிதத்தில் என்ன கேடு இருக்கிறதோ என்றுதான் முதலில் நினைப்பேன். ஆகவே, ஸ்கொட்லாந்தில் இருக்கும் என் அக்கா ஒரு தை மாதத்தில் பளபளப்பான புத்தகம் ஒன்றை அனுப்பி, "இதைப் பாத்துப்போட்டு ஓகஸ்டுக்கு வா" என்று எழுதியபோது, நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அது வந்த உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்கா போய் இருபத்தாறு வருடம். முதலில் அவருக்கு அங்கே தங்குவதற்கான காகிதம் கிடைக்கவில்லை, பிறகு பிள்ளைகள் சின்னவர்கள், பிறகு ஊர் நிலைமை சரியில்லை. எல்லாம் சரியான காலத்தில் அவருடைய முழங்கால் சரியில்லை. இரண்டு முழங்காலையும் மாற்றிய பிறகு நீண்ட பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதென்றால் இனி நான்தான் போகவேண்டும். இது தெரிந்தும் பல வருடமாக ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் அந்த நாட்டுக்கு வரும் வெளியாட்களுக்காக அச்சடித்தது. எந்த மாதம், எந்த ஊரில், என்ன விழா என்று தை தொடங்கி மார்கழி வரை படத்தோடு போட்டிருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. எங்கள் பங்குக் கோயில் திருநாளுக்கு நாங்கள் புத்தகம் அடித்து ஆள் பிடிப்பதில்லை. கொடி ஏறினால் சனம் தானாக வரும். வருடம் முழுக்கத் திருவிழா என்று ஒரு நாடு சொல்கிறதென்றால், அந்த நாட்டுக்காரர் எப்போது வேலைக்குப் போகிறார்கள்? இதை மனைவியிடம் கேட்டேன். "நல்லூரிலை இருவத்தஞ்சு நாள் திருவிழா. அவையள் வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டுவிட்டு அவள் மீன் வெட்டப் போய்விட்டாள்.

தை மாதப் பக்கத்தில் செத்துப்போன ஒரு கவிஞருக்கு விருந்து. ஆட்டின் இரைப்பைக்குள் இறைச்சியும் ஓட்ஸும் அடைத்து அவித்து, அதைத் தட்டில் வைத்துக் குழல் ஊதி ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதற்கு முன்னால் நின்று கவிதை படிக்கிறார்களாம். சரி, அது அவர்கள் பாடு. அடுத்த படம்தான் என்னை நிறுத்தியது. வடக்கே ஒரு தீவில் நூற்றுக்கணக்கானவர்கள் தீப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்க, நடுவில் ஒரு வள்ளம் எரிகிறது. மாதக்கணக்காக ஊர் கூடிச் செய்த வள்ளமாம். அதை ஒரே மாலையில் கொளுத்திவிட்டுப் பாடுகிறார்களாம்.

நான் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் எழுத்தர். எங்கள் கரையில் வள்ளங்கள் எரிந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் பாடவில்லை. நாலு நாளாக அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மனைவி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மே மாதத்தைத் திறந்து தந்தாள். அதற்கடுத்த மாதங்களில் பாவாடை கட்டிய ஆண்கள் மரக்குற்றியைத் தூக்கி எறிந்தார்கள், தீவுகளுக்குள் பாய்மரப் படகு ஓடியது, ஒரு சின்ன ஊரில் புத்தகக் கடைகள் தெருவெல்லாம் கதிரை போட்டன. கார்த்திகைக் கடைசியில், எங்களைப் போல வலை இழுத்த ஓர் அப்போஸ்தலருக்குத் திருநாள். அவர்தான் நாட்டுக்கே பாதுகாவலராம். அந்தப் பக்கத்தில் மட்டும் எனக்கு ஒரு குறையும் பிடிபடவில்லை.

ஆனாலும் அக்கா ஏன் திடீரென்று கூப்பிடுகிறார் என்ற கேள்வி போகவில்லை. வீட்டுக் காணியில் கையெழுத்து வேண்டுமா? மகனுக்குப் பெண் பார்க்கிறாரா? நோயை மறைக்கிறாரா? கடைசிக் கேள்வி என் நித்திரையைக் கெடுத்தது. போனில் நேரே கேட்டுவிட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வருத்தம்?"

"எனக்கு உன்னாலைதான் வருத்தம். வா எண்டால் வரவேண்டியதுதானே. ஏன் உந்த விசாரணை?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். அவர் இருக்கும் நகரம் ஓகஸ்ட் மாதம் முழுவதும் மேடையாகிவிடும். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், கடையின் மேல்மாடி, எங்கே நாலு கதிரை போட இடமிருக்கிறதோ அங்கெல்லாம் நாடகமும் பாட்டும். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். ஒவ்வொரு ஓகஸ்டிலும் லீவு எடுத்து, ஒரு மண்டப வாசலில் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு ரிக்கற் பார்ப்பார். கதவு சாத்தியதும் வெளியே நின்றுவிட வேண்டும். உள்ளே சனம் சிரிப்பதும் கைதட்டுவதும் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

"பதினெட்டு வரியமா வாசல்லை நிக்கிறன். ஒரு நாளாவது உள்ளுக்கை இருந்து முழுசாப் பாத்ததில்லை. தனியப் போய் இருக்க எனக்கு மனமில்லை. கடலுக்குப் போய் வராத ஒரு வள்ளத்தின்ரை கதையைப் பாட்டாப் பாடுகினமாம். ரண்டு ரிக்கற் எடுத்திட்டன். நீ பக்கத்திலை இரு. விளங்காட்டிக் கேள், நான் சொல்லுறன்."

இதற்கு மேல் சந்தேகப்பட என்னாலேயே முடியவில்லை. போகிறேன் என்று சொன்னேன். சொன்னதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பயணத்தை இங்கே யாரும் வெளியில் சொல்வதில்லை. விசா கையில் கிடைத்தாலும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "எங்கை, ஆளைக் காணேல்லை" என்று கேட்கும்போது போனவர் அங்கே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டிருப்பார். கண்ணூறு ஒரு காரணம். மொட்டைக் கடிதம் இன்னொரு காரணம். இவர் போனால் திரும்பமாட்டார் என்று விசா அலுவலகத்துக்கு யாராவது எழுதிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. எழுதுகிறார்களோ இல்லையோ, எழுதுவார்கள் என்று எல்லோரும் நம்புகிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் துறையில் மீன் ஏலம் கூறுபவர். அவர் ரகசியம் பேசினாலே இரண்டு ஒழுங்கைக்குக் கேட்கும். தினமும் ஒன்பது மணிக்கு ஏலம் முடிந்ததும் நான் வேலை செய்யும் சங்கக் கந்தோருக்கு வந்து பேப்பர் வாசிப்பார். விசாவுக்கு விண்ணப்பித்து, விரல் அடையாளம் கொடுக்க நான் கொழும்புக்குப் போகவேண்டி வந்தபோது, "கண்ணுக்குக் காட்டப் போறன்" என்று அவரிடம் சொன்னேன். பொய்யைக் காப்பாற்றக் கொழும்பில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். இரண்டு வாரம் அந்தக் கண்ணாடியோடு சங்கக் கடிதங்களை எழுதினேன். பாதி வரிகள் கோணல்.

அவர் தினமும் கேட்பார்: "அண்ணை, கண் எப்பிடி?"

நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். எனக்கு அது நையாண்டியாகத்தான் கேட்டது. முருங்கையிலைச் சாறு விடச் சொன்னார். தன் மாமியாருக்குக் கண்ணில் வெட்டிய டொக்டரின் விபரம் கொண்டுவந்து தந்தார். "உவர் ஏன் உவ்வளவு அக்கறைப்படுறார்?" என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்கள் குருடாப் போகப்போறியள் எண்டு நினைக்கிறார் போலை. பாவம் மனிசன்," என்றாள்.

ஜூன் மாதத்தில் பாஸ்போட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை, ஒரு கடிதம் இருந்தது. வேலைக்குத் திரும்பி வருவேன் என்று நான் காட்டியிருந்ததை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்றும் ஒரு வரியில் எழுதியிருந்தார்கள். வேலை செய்யும் இடமென்று நான் கொடுத்த தொலைபேசி எண்ணுக்கு மே மாதத்தில் இன்ன செவ்வாய்க்கிழமை காலை அழைத்தபோது, அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று பதில் கிடைத்ததாம்.

அந்த வரியை வாசித்ததும் நான் கணக்குப் போட்டேன். சங்கத்தில் என்னைவிட்டால் தலைவர். தலைவர் கந்தோருக்கு வருவதே கூட்டத்துக்குத்தான். நான் ஐஸ் லொறி வந்தால் வெளியே போவேன். அந்த நேரம் உள்ளே இருப்பது யார்? பேப்பரும் கையுமாக என் மேசைக்கு முன்னால் இருப்பது யார்? ரெலிபோன் அடித்தால் எட்டி எடுக்கக்கூடிய கை யாருடையது?

அன்றைக்கே ரெலிபோனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பேப்பர் போடுகிறவரிடம் சங்கத்துக்கு இனிப் பேப்பர் வேண்டாம் என்று சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் வந்து, தான் இருந்து வாசிக்கும் வாங்கு வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, "பேப்பர் வரேல்லையோ அண்ணை?" என்றார். "இல்லை" என்றேன், தலை நிமிராமல். அவர் திரும்பிப் போனார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. வராதது எனக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலப் பட்டது.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி பங்குச் சுவாமியார் சொன்னபோது, அவர் எனக்கு இடப்பக்கம் நின்று கை கூப்பித் திரும்பினார். நான் வலப்பக்கம் திரும்பினேன். வலப்பக்கத்தில் ஆட்கள் இல்லை, தூண்தான் இருந்தது. தூணுக்குக் கை கூப்பிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது மனைவி சொன்னாள்:

"கோயிலுக்குள்ளை நிண்டு உந்த வேலை செய்யிறியள். அந்த மனிசன்தான் எண்டு நீங்கள் கண்ணாலை கண்டியளோ?"

"காணத் தேவையில்லை. நான் நிரூபிச்சுக் காட்டுறன். நீர் பாத்துக்கொண்டிரும்."

நிரூபிக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. கந்தோருக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். எத்தனை மணி, யார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேசக்கூடாது பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எப்போது ஐஸ் லொறி வந்தது, எவ்வளவு நேரம் நான் வெளியே நின்றேன் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். திங்கட்கிழமை கந்தோரைத் திறந்த கையோடு கொப்பியை எடுத்தேன். மயிலிட்டித் துறையிலிருந்து ஐஸ் கேட்டு ஓர் அழைப்பு. பருத்தித்துறையிலிருந்து வலை பற்றி ஓர் அழைப்பு. இரண்டுக்கும் நடுவில் இப்படி இருந்தது:

"பத்து இருபது. பெண் குரல். கொழும்புப் பக்கம். என்னுடைய முழுப் பெயரைச் சொல்லி, இங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டாள். அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கள்ளர் கூட்டம். கவனம்."

எழுத்து என்னுடையது. கறுப்புக் கண்ணாடியால் கொஞ்சம் கோணல். கவனம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. மரியாதையான குரல். தான் எங்கிருந்து பேசுகிறாள் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் நான் வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் எங்கள் அங்கத்தவர் ஒருவருக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ அழைத்து, அவருடைய வங்கி விபரம் முழுவதையும் வாங்கியிருந்தார்கள். அது ஒரு சாட்டு. உண்மை வேறு. முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரைக் கேட்டால், யோசிப்பதற்கு முன் என் வாய் இல்லை என்று சொல்லிவிடும். எனக்குப் பத்தொன்பது வயதில், என்னைப் பிடித்துப்போக வீட்டு வாசலில் வந்து நின்றவர்களிடம் அம்மா அப்படித்தான் சொன்னார். "உந்தப் பேரிலை இஞ்ச ஒருத்தரும் இல்லை." நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அன்றைக்கு நான் இல்லை என்று அவர்கள் சொன்னதால்தான் இன்றைக்கு இருக்கிறேன். அதே பதிலை நானே சொல்லி என் பயணத்தை நானே அறுத்துப்போட்டேன்.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். ஒரு மாதம் சொல்லிக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசித்துவிட்டு, கொப்பியை மூடி, "அக்கா பாவம்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் இடப்பக்கம் திரும்பிக் கை கூப்பினேன். எதிர்வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானும் கூப்பி, கோயில் முழுக்கக் கேட்கும் தன் ரகசியக் குரலில், "இப்ப கண் வடிவாத் தெரியுதோ அண்ணை?" என்றார். ஓம் என்றேன். திங்கட்கிழமை பேப்பர் திரும்பவும் வரத் தொடங்கியது. அவரும் வந்தார். நான் என்ன நினைத்திருந்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அக்காவிடமும் சொல்லவில்லை. "விசாப் பேப்பரிலை ஏதோ பிழையாம்" என்று சொல்லி வைத்தேன். அவர் விசா அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், வெட்கமில்லாமல். திரும்பவும் போட ஓகஸ்டுக்குள் நேரமில்லை. "அந்த ரிக்கற்றை ஆருக்கும் குடுங்கோ" என்றேன். "பாப்பம்" என்றார். பிறகு இரண்டு மாதம் அக்கா அழைக்கும்போதெல்லாம், சுகம் விசாரித்ததும் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நழுவினேன். ஓகஸ்ட் பிறந்ததும் புத்தகத்தை அலுமாரிக்கு மேல் போட்டேன்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு முற்பகல், கந்தோர் லாச்சிக்குள் இன்னும் இருந்த ரெலிபோன் அடித்தது. கொடுக்க மனைவி பக்கத்தில் இல்லை. எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?" என்றது அக்காவின் குரல்.

அந்தக் கேள்விக்கு என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொழும்புப் பெண்ணை, கொப்பியை, எதிர்வீட்டுக்காரரை, தூணை. முடிந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார்:

"நீயே, நீ இல்லையெண்டு சொன்னனியோ?"

"ஓம் அக்கா."

சிரிப்பார் அல்லது ஏசுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை.

"அம்மா மாதிரி," என்றார்.

ஏதாவது பேசவேண்டுமே என்று, "ரிக்கற்றை என்ன செய்தியள்?" என்று கேட்டேன்.

"நேற்றுப் போனனான். ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. முதல் தரமா உள்ளுக்கை இருந்தன் தம்பி. பக்கத்துக் கதிரையிலை என்ரை கோட்டை வைச்சிட்டு இருந்தன். விளக்கை அணைக்க முந்தி ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வந்து, இதிலை ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டாள். ஓம், என்ரை தம்பி இருக்கிறான் எண்டு சொன்னன்."

"பிறகு?"

"பிறகென்ன, அவள் வேறை கதிரைக்குப் போட்டாள். முடியுமட்டும் ஒருத்தரும் உன்ரை இடத்திலை இருக்கேல்லை."